சம்பளம் வராத நாவல்கள்

புதியவர் ஒருவரின் நாவலைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது சம்பளத்தை. கதையில் வருகிற ஆள் என்ன வேலை பார்க்கிறார், என்ன வாங்குகிறார், வாங்கியதில் கடைக்கு எவ்வளவு, சீட்டுக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு. காதலும் சாதியும் மரணமும் தத்துவமும் தாராளமாக வரட்டும். ஆனால் நூறு பக்கம் தாண்டியும் ஒருத்தர்கூட ஒரு ரூபாயை எண்ணிப் பார்க்கவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் தட்டிவிடும். அற்பமான அளவுகோல்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வாராவாரம் சம்பளப் பட்டியல் போடுகிறவனுக்கு வேறு எது கண்ணில் படும்?

கொஞ்ச காலமாகப் புதிதாக எழுத வந்தவர்களின் நாவல்களாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் முதல் நாவல்கள். திருப்பூரில் தை மாதவாக்கில், கோவை கொடிசியாவில் ஜூலையில், ஈரோட்டில் ஆகஸ்டில் என்று எங்கள் பக்கத்து வாசகனுக்கு வருஷத்தில் மூன்று புத்தக நோம்பி, அதாவது புத்தகத் திருவிழா. மூன்றிலும் வாங்கி அடுக்கியவை இவை. வரிசை எதுவும் பார்க்கவில்லை, மனதில் நிற்பதை வைத்துச் சொல்கிறேன்.

கார்த்திக் பாலசுப்ரமணியனின் ‘நட்சத்திரவாசிகள்’ 2019இல் வந்தது. 2021க்கான சாகித்திய அகாதெமி யுவ புரஸ்கார் அதற்குக் கிடைத்தது. விருதுச் செய்தி வந்தபோதே வாங்கிவிட்டு, வெகுநாள் தொடாமல் வைத்திருந்தேன். ஐ.டி. கதை என்றாலே எனக்கு ஒரு சலிப்பு. கண்ணாடிக் கட்டடம், வார இறுதிக் குடி, ஊரில் வேட்டி கட்டிய அப்பா என்று எல்லாம் ஏற்கெனவே படித்தது போலவே இருக்கும். இந்த நாவல் வேலைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. ப்ராஜெக்ட், மேலாளர், வருஷாந்திர மதிப்பீடு, ஆட்குறைப்பு. அதிலும் வேலை போய்விடுமோ என்ற பயம் மனிதர்களைப் பக்கத்து நாற்காலிக்காரனிடம் எப்படி நடந்துகொள்ள வைக்கிறது என்பதில் நாவலுக்குக் கூர்மையான பார்வை இருக்கிறது.

படிக்கும்போது எங்கள் கம்பெனியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இங்கே ஆளை வேலையிலிருந்து நிறுத்துவதற்குத் தனி அறையெல்லாம் கிடையாது. ஆர்டர் குறைந்தால் சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போதே சூப்பர்வைசர் சொல்லிவிடுவார்: “திங்கக்கெழம வர வேண்டாங்க, ஆர்டர் வந்ததும் போன் பண்றோம்.” பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்குத் தகுந்த கூலிக்குத் தைக்கிறவர்கள் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். திங்கட்கிழமை அங்கே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார்கள். வேலை நிரந்தரம் என்று யாரும் அவர்களிடம் சொன்னதே இல்லை, அதனால் போனதற்காக ஒடிந்துபோவதும் இல்லை. ஐ.டி.க்காரனின் பயம் வேறு. அவனுக்கு நிரந்தரம் என்று சொல்லி, அதை நம்பி இருபது வருஷ வீட்டுக் கடனும் கொடுத்திருக்கிறார்கள். இந்த வித்தியாசம் எனக்குத் தோன்றியது அந்த நாவலைப் படித்த பிறகுதான். ஒரு குறை சொல்வதானால், ஆட்கள் அதிகம். சிலர் ஒரு வகை மனிதருக்கு உதாரணமாக வந்து, தங்கள் பங்கைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். முதல் நாவலில் தெரிந்த எல்லாரையும் ஏற்றிவிடும் ஆசை இருக்கும், புரிகிறது.

மயிலன் ஜி. சின்னப்பனின் ‘பிரபாகரனின் போஸ்ட்மார்டம்’ ஒரு மருத்துவரின் தற்கொலையிலிருந்து தொடங்கி, அது ஏன் நடந்தது என்று தேடிப் போகிற நாவல். எழுதியவரும் மருத்துவர். அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது, ஆனால் ‘எனக்குத் தெரியும் பார்’ என்று காட்டிக்கொள்ளும் தோரணை இல்லை. மருத்துவமனையில் மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நடத்தும் விதம், தூக்கம் கெட்ட ஆட்களின் எரிச்சல், சாவைப் பார்த்துப் பழகிப்போன பேச்சு எல்லாம் உள்ளே இருந்து வந்தவை. துப்பறியும் கதை போல அடுத்தது என்ன என்று இழுத்துக்கொண்டு போகிறது. எனக்கு அந்த வேகமே சில இடங்களில் தொந்தரவாக இருந்தது. இங்கே கொஞ்சம் நின்றிருக்கலாமே என்று தோன்றுகிற இடத்தில் கதை கிளம்பிவிடுகிறது. நடுராத்திரி வரை விடாமல் படித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ 2018இல் வந்தது. சிந்தாதிரிப்பேட்டை மனிதர்கள். சென்னைப் பேச்சை நான் சினிமாவில் கேட்டதோடு சரி. சினிமாவில் அது சிரிப்புக்கு, இல்லாவிட்டால் சண்டைக்கு. இந்த நாவலில் அழுவதும், ஜெபிப்பதும், கடன் கேட்பதும், பிள்ளையைக் கொஞ்சுவதும் அதே பேச்சில்தான். முதல் இருபது பக்கம் எனக்குச் சிரமமாக இருந்தது, அப்புறம் காது பழகிவிட்டது. அந்தப் பேச்சு வாசகனுக்காக எங்கேயும் இறங்கி வந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

இதைச் சொல்லும்போது எங்கள் ஊர்க் கதை ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். சமீபத்தில் கொங்குப் பக்கத்தை வைத்து எழுதிய ஒரு முதல் நாவல் கைக்கு வந்தது. பெயர் வேண்டாம், இளம் ஆள், இன்னும் நிறைய எழுத வேண்டியவர். அதில் எல்லாரும் எல்லாரையும் ‘ஏனுங்’ என்கிறார்கள். தோட்டத்துக்காரர் ஆடு மேய்க்கிற பையனை ‘ஏனுங்’ என்கிறார். போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போகிறவனிடம் ‘வாங்க’ என்கிறார். கொங்குத் தமிழ் மரியாதையானது என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிச் சொல்லி, நம் ஆட்களே அதை நம்பிவிட்டார்கள். யாருக்கு ‘ங்க’ போடுவது, யாருக்குப் போடாமல் விடுவது, நேற்றுவரை போடாதவனுக்கு அவன் நாலு மெஷின் வாங்கிப் போட்டதும் எப்படி வாயில் தானாக வருகிறது என்பதில்தான் இந்த ஊரின் கணக்கு வழக்கு முழுதும் இருக்கிறது. நாவலாசிரியருக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். எழுத உட்கார்ந்ததும் ஊரைக் கொஞ்சம் அழகாகக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியிருக்கும்.

அதே நாவலில் ஒரு பகுதி பனியன் கம்பெனிக்குள் நடக்கிறது. கதாநாயகி ஓவர்லாக் மெஷினில் தைக்கிறாள். தைத்துக்கொண்டே பழைய காதலை நினைக்கிறாள், ஊசி உடைகிறது, வேறு ஊசி மாட்டிக்கொண்டு மறுபடி நினைக்கிறாள். எங்கள் கம்பெனியில் வெகுகாலமாகத் தைக்கிற ஒரு அக்கா இருக்கிறார். வாரப் பத்திரிகைத் தொடர்கதையிலிருந்து எது கொடுத்தாலும் படிப்பார். அந்தப் பகுதியை மட்டும் படிக்கக் கொடுத்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

“ஏனுங் தம்பி, இந்தப் புள்ள ஒரு நாளாச்சும் மெசின்ல ஒக்காந்திருக்குமுங்களா?”

“ஏங்க்கா?”

“ஊசி ஒடஞ்சா அப்பிடியே வேற மாட்டிக்க முடியுங்களா? ஒடஞ்ச துண்டு எங்கீங்? அதத் தேடாம எந்திரிக்க உடுவாங்களா நம்மள?”

ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையும் தேடி எடுக்க வேண்டும். மெஷினுக்கு அடியில், துணி மடிப்பில், தரையில், சில நேரம் காந்தத்தை வைத்துத் துழாவி. எடுத்த துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து முழு ஊசி ஆகிறதா என்று சரிபார்த்து, ஒரு ரிஜிஸ்டரில் செலோடேப் போட்டு ஒட்டி, மெஷின் நம்பரும் நேரமும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி. ஒரு முனை கிடைக்கவில்லை என்றாலும் அந்தக் கட்டுத் துணி மொத்தமும் ஓரமாக ஒதுக்கப்பட்டு மெட்டல் டிடெக்டருக்குப் போகும். எங்கோ ஐரோப்பாவில் ஒரு குழந்தையின் உடுப்பில் ஊசி முனை இருந்துவிடக் கூடாது, அதற்காக. இதில் போகிற நேரத்துக்குப் பீஸ் ரேட்டில் பணம் கிடையாது. துண்டைத் தேடிக்கொண்டு தரையில் தவழும்போது அந்தக் கதாநாயகி மனதில் என்ன ஓடியிருக்கும்? அதை எழுதியிருந்தால் பழைய காதலுக்குக்கூட ஒரு இடம் கிடைத்திருக்கும். காதலன் மேல் இன்னும் கொஞ்சம் கோபமும் வந்திருக்கும்.

எழுதுகிறவர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு நாள் நின்று பார்த்தால் போதும்.

நம் பகுதியில் புதியவர்களிடம் இந்தக் கணக்கைக் கேட்பது ஒன்றும் அநியாயமில்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வந்தபோது அவரும் புதியவர்தான், இருபதுகளில் இருந்தவர். தமிழின் முதல் வட்டார நாவல் என்று பலரும் சொல்வது அதை. புருஷனை இழந்த நாகம்மாள் தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள், கொழுந்தன் சின்னப்பன் தள்ளிப்போடுகிறான். மெல்லிய புத்தகம் முழுக்க அந்தப் பங்கின் மேல்தான் நடக்கிறது. கெட்டியப்பனோடு அவளுக்கு உள்ள தொடர்பு, ஊர்ப் பேச்சு, கடைசியில் விழுகிற கொலை எல்லாம் அந்தப் பங்கைச் சுற்றியே. பெருமாள்முருகனின் முதல் நாவல் ‘ஏறுவெயில்’ 1991இல் வந்தது, அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது. காலனி கட்ட நிலத்தை எடுத்துக்கொள்கிறார்கள், அதன் பிறகு ஒரு குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாகக் குலைகிறது. இரண்டு பேருமே நிலம், பணம், பங்காளி என்று ஊர் எதை வைத்துச் சண்டை போடுகிறதோ அதிலேயே காலை ஊன்றிக்கொண்டார்கள்.

இன்னொரு வகை நாவல் இப்போது அதிகம் வருகிறது. அதை நான் கோப்பு நாவல் என்பேன். எழுதுகிறவர் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்கிறார், எங்கள் பக்கம் என்றால் பெரும்பாலும் நொய்யல் ஆறு. 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது, விவசாயிகள் வழக்குப் போட்டது, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்ற உத்தரவு வந்தது என்று செய்தித்தாள் நறுக்குகள் முழுதும் கதாபாத்திரங்களின் வாய் வழியாக வந்து விழுகின்றன. டீக்கடையில் ஒருத்தர் இன்னொருத்தருக்கு உப்பின் அளவை விளக்குகிறார். எந்த டீக்கடையில் இப்படிப் பேசுகிறார்கள்? இதே சாயப் பிரச்சினையை எழுதிய சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ 1998இலேயே வந்துவிட்டது, தீர்ப்பு வருவதற்குப் பல வருஷம் முன்னால். தீர்ப்பு இல்லாமலே அந்த நாவல் நடந்தது. 2011இல் பட்டறைகள் மூடிய பிறகு இங்கே தெருவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சாயம் போட முடியாமல் துணி ஈரோட்டுக்கும் லூதியானாவுக்கும் வண்டி ஏறியது, பட்டறையில் வேலை பார்த்தவர்கள் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனார்கள், எங்கள் கம்பெனியிலேயே பாதித் தையல் லைன் படுத்துவிட்டது. ஆறு சாகக் காரணமான பட்டறைதான் அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமும் கட்டியது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே கையில் வைத்திருக்கிற ஒரு புது நாவலுக்காகக் காத்திருக்கிறேன். வருகிறவை எல்லாம் முதல் அத்தியாயத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகின்றன.

என் அளவுகோலுக்கு அடங்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அஜிதனின் ‘மைத்ரி’, 2022இல் வந்தது. கர்வால் மலைப் பக்கம் போகிற ஒரு இளைஞன், வழியில் சந்திக்கிற ஒரு பெண், மலை, காடு, பனி. நான் தேடுகிற கணக்கு இந்த நாவலில் இல்லை. படிக்கத் தொடங்கியதும், சரி, இது நமக்கானது இல்லை என்று பாதியில் வைத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். வைக்க முடியவில்லை. மலை ஏற ஏற அவன் மனசு மாறுவதை அவசரமே இல்லாமல் எழுதுகிறார். சில பக்கங்களில் தத்துவ வாடை தூக்கலாகத்தான் இருக்கிறது, அதையும் மீறிப் படித்தேன். உழைப்பும் கூலியும் இல்லாமல் ஒரு நாவல் நிற்கலாம் போலிருக்கிறது. ஆனால் அதற்கு எழுதுகிறவர் வேறு ஏதாவது ஒன்றைக் கண்ணால் ஊன்றிப் பார்த்திருக்க வேண்டும். எல்லா மலைப் பயண நாவலும் இப்படி அமைவதில்லை. வேறு இரண்டை ஐம்பதாம் பக்கத்தில் மூடிவைத்தேன்.

யுவ புரஸ்கார் பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். 35 வயதுக்கு மேற்படாதவர்களுக்கான விருது அது. 2011இல் தொடங்கியபோது தமிழில் முதல் விருதே நாவலுக்கு, ம. தவசியின் ‘சேவல்கட்டு’. அடுத்த வருஷம் மலர்வதியின் ‘தூப்புக்காரி’. 2014, 2015, 2016 என்று தொடர்ந்து மூன்று வருஷம் நாவல்கள். 2021இல் ‘நட்சத்திரவாசிகள்’. அதன் பிறகு 2022இல் கவிதை, 2023, 2024, 2025 மூன்றிலும் சிறுகதைத் தொகுப்புகள். இதற்குப் பெரிய காரணம் எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நடுவர்களின் ருசியாகவும் இருக்கலாம். இருந்தாலும் எனக்குத் தோன்றுவது இது: இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து வரைதான் ஒருவனை வேலை அதிகமாகப் பிழிகிற வயது. கல்யாணம், கடன், குழந்தை, ஊர் மாறுதல் எல்லாம் அதற்குள்தான். ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து சிறுகதை எழுதிவிடலாம். நாவலுக்கு விட்ட இடத்தில் போய் மறுபடி உட்கார வேண்டும், அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும்.

மலர்வதியின் ‘தூப்புக்காரி’யை இப்போதுதான் படித்தேன். குமரி மாவட்டத்துத் துப்புரவுத் தொழிலாளியின் வாழ்க்கை. கட்டமைப்பில் தளர்ச்சி உண்டு, சில இடங்களில் கதாபாத்திரத்தை ஒதுக்கிவிட்டு எழுதுகிறவரே பேச ஆரம்பித்துவிடுகிறார். ஆனால் அதில் வருகிற நாற்றமும் அவமானமும் கேள்விப்பட்டு எழுதியவை இல்லை. என் பட்டியலில் அது இன்னும் நேர்த்தியான பல நாவல்களுக்கு மேலே இருக்கும்.

நேர்த்தி என்றதும் இன்னொரு வருத்தம். முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றால் ஆயிரத்து இருநூறு பிரதி என்பது வழக்கம். அவ்வளவு பணத்தை முடக்குகிற பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியை நாலு பேரிடம் காட்டுவார், சந்தேகப்படுவார், காக்க வைப்பார். இப்போது தேவைக்கு ஏற்ப நூறு, இருநூறு என்று அச்சிட்டுக்கொள்ளலாம். புதியவர்களுக்குக் கதவு திறந்தது நல்லதுதான், அதில்லாமல் நான் படித்ததில் பாதி வெளியே வந்திருக்காது. ஆனால் எடிட்டர் என்ற ஆளே நடுவில் காணாமல் போய்விட்டார். நானூறு ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு நாவலில் 40ஆம் பக்கத்தில் செத்துப்போன அப்புச்சி 112ஆம் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார். மாய யதார்த்தமோ என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இல்லை.

எழுதப்படாமல் கிடப்பவை என்று எனக்குள் ஒரு பட்டியல் ஓடும். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்களே, அந்த வாரச் சனிக்கிழமை திருப்பூரில் சம்பளம் எப்படிப் போடப்பட்டது என்பதே ஒரு நாவலுக்குப் போதும். ஊரில் பெரும்பாலும் வாரச் சம்பளம், அதுவும் அப்போது அநேகமாக ரொக்கம். சில்லறை இல்லை, நூறு ரூபாய்க் கட்டு இல்லை. பழைய நோட்டாகவே வாங்கிக்கொள்கிறீர்களா, இல்லை அடுத்த வாரம் சேர்த்து வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்க வேண்டியிருந்தது. வாங்கினால் வேலையை விட்டுவிட்டு பேங்க் வரிசையில் நிற்க வேண்டும், வாங்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். தைக்கிறவர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலை பார்க்கிற பெண்களில் பலருக்கு பேங்க் கணக்கு இருந்தது, அதன் ஏ.டி.எம். கார்டு புருஷன் கையில் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் எத்தனை வீட்டு ரகசியம் வெளியே வந்தது என்று சம்பளம் போடுகிறவனுக்குத் தெரியும். வெள்ளைத் துணியில் முடிந்து, அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்த ஆயிரம் ரூபாய் நோட்டுகளை ஒரு அம்மா என்னிடம் கொண்டுவந்து, மகனுக்குத் தெரியாமல் மாற்றித்தர முடியுமா என்று கேட்டார். மகன் அதே கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் இருந்தான்.

அப்புறம் வடக்கிலிருந்து வந்தவர்கள். எங்கள் லைனில் பாதிப் பேர் இப்போது பேசுவது இந்தி, ஒடியா, வங்காளம். தமிழ் நாவல்களில் அவர்கள் இன்னும் கூட்டமாகத்தான் வருகிறார்கள், தோளில் பையோடு ரயிலிலிருந்து இறங்குகிறார்கள், அறைக்குப் பத்துப் பேர் தங்குகிறார்கள், பான்பராக் போடுகிறார்கள். பெயர் வைத்து, சம்பளம் வைத்து, ஒரு ஆளாக நான் இன்னும் எந்த நாவலிலும் பார்க்கவில்லை. தமிழ் எழுத்தாளர்கள்தான் இதை எழுத வேண்டும் என்பதும் இல்லை. குடும்பத்தோடு வந்து தங்கியவர்களின் பிள்ளைகள் இங்கே அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறார்கள். எங்கள் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிற ஒடிசாக்காரரின் மகள் எட்டாம் வகுப்பு. அப்பாவின் பி.எஃப். படிவத்தைத் தமிழில் நிரப்பித் தருவது அவள்தான். போன மாதம் அப்பாவின் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பிடித்தம் எதற்கு, இந்த அட்வான்ஸ் எப்போது வாங்கியது என்று என்னிடம் ஒவ்வொரு வரியாகக் கேட்டாள். பிடித்தத்துக்குப் பதில் சொல்லிவிட்டேன். அட்வான்ஸை அவள் அப்பாவிடமே கேட்டுக்கொள்ளச் சொன்னேன். யுவ புரஸ்கார் வயது வரம்புக்கு அவளுக்கு இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறது.